யாரும் சீண்டாத காட்டை வாங்கி ஊராக்கிய தமிழ் இன்ஜினீயர்! - ஆஸ்திரேலியா ஸ்பிரிங்ஃபீல்டும் நம்ம ராயபுரமும்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் உள்ளே திரும்பும் சந்துகளில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீடு. அதை ஒட்டி அதே அளவு இடத்தில் கார் பார்க்கிங், அதன் மேல் நான்கு மாடி. எதிரே இடித்துப் போட்ட செங்கல் குவியல். முந்தின தலைமுறையில் ஒரே குடும்பம் இருந்த இடத்தில் இன்று எட்டுக் குடும்பங்கள்.

அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு என்று கணக்குப் பார்த்தே பழகிய ஊர் இது. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. ராயபுரத்தில் சொந்தமாக ஒரு கிரவுண்டு இருந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தெருவிலேயே தனி மரியாதை.

இப்போது ஒரு கணக்கு. தமிழ் சிவில் இன்ஜினீயர் ஒருவர், தன் தொழில் கூட்டாளியுடன் சேர்ந்து ஒரே நேரத்தில் வாங்கிய இடத்தின் அளவு 2,860 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஏழாயிரத்துக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம் கிரவுண்டு! விரிவாக்கத்துக்கு முந்தைய பழைய சென்னை மாநகராட்சியின் பரப்பில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு.

வாங்கியவர் பரம்பரைக் கோடீஸ்வரர் இல்லை. மலேசிய ரப்பர் தோட்டப் பகுதியில் பிறந்து, படிக்கப் போன நாட்டிலேயே குடியேறி, தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டு, மறுபடி எழுந்தவர். பெயர் மகா சின்னத்தம்பி. அவர் வாங்கிய காடு இன்று 'கிரேட்டர் ஸ்பிரிங்ஃபீல்டு' என்ற நகரம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்குத் தென்மேற்கே இருக்கிறது.

கப்பல் ஏறிய தலைமுறை

துறைமுகத்தை ஒட்டி வாழும் வட சென்னைக்காரர்களுக்கு 'கடல் தாண்டிப் போனவர்' கதை புதிதல்ல. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் 'ரஜூலா' கப்பலைப் பற்றிச் சொல்வார்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல ஆண்டுகள் ஆட்களை ஏற்றிச் சென்ற கப்பல் அது. தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போன தமிழர்களை மலேயாவில் இறக்கிவிட்டது.

இன்னொரு பக்கம் இலங்கையிலிருந்தும், குறிப்பாக யாழ்ப்பாணத்திலிருந்தும், தமிழர்கள் மலேயாவுக்குப் போனார்கள். ஆங்கிலம் படித்த அவர்களில் பலருக்கு ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர் வேலை கிடைத்தது.

அப்படி ஓர் இலங்கைத் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில், 1930-களின் இறுதியில் பிறந்தவர் மகா சின்னத்தம்பி. ஊர், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள ராந்தாவ். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். குழந்தைப் பருவத்தில் ஜப்பானிய ஆக்கிரமிப்பு. பதின்ம வயது முடியும் நேரத்தில், 1957-ல், மலாயா சுதந்திரம் பெற்றது.

அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பெற்றோருக்குத் தெரிந்த ஒரே சொத்து படிப்பு. பிள்ளை டாக்டர், இன்ஜினீயர், வக்கீல் என ஏதாவது ஒன்றாக வேண்டும். மகா சிவில் இன்ஜினீயரிங்கைத் தேர்ந்தெடுத்து சிட்னிக்குப் போனார். 1960-களில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவை இன்றைய ஆஸ்திரேலியாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை அப்போது முழுதாக ஒழியவில்லை. 1966-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். 1973-ல்தான் முற்றிலும் கைவிட்டார்கள். ஆசிய மாணவர்கள் வந்து படிக்கலாம். ஆனால், படித்து முடித்தால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு.

மகாவும் பட்டம் வாங்கியதும் திரும்பினார். பிறகு 1970-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு மறுபடி ஆஸ்திரேலியாவுக்குப் போனார். இந்த முறை மாணவராக அல்ல, குடியேறியவராக. இறங்கிய ஊர், மேற்குக் கரையில் உள்ள பெர்த்.

சம்பளத்திலிருந்து சொந்தத் தொழிலுக்கு

வெளிநாட்டில் குடியேறும் இன்ஜினீயரின் வழக்கமான பாதை நமக்குத் தெரியும். முதலில் ஒரு வேலை, பிறகு வீட்டுக்கடன், அப்புறம் பிள்ளைகளின் படிப்பு, கடைசியில் பென்ஷன். மகா அந்தப் பாதையிலிருந்து விலகினார். அடுத்தவர் வரைந்த பிளானுக்கு இரும்புக் கணக்குப் போடுவதோடு நிற்காமல், தானே நிலம் வாங்கிக் கட்டி விற்கும் தொழிலில் இறங்கினார்.

சிவில் இன்ஜினீயருக்கு இந்தத் தாவல் இயல்பானது. ஒரு காலி இடத்தைப் பார்த்ததும் எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே சாலை போடலாம், எவ்வளவு மண் அடிக்க வேண்டும் என்று அவர் மனம் கணக்குப் போடும். ஆனால், கட்டத் தெரிவது வேறு. கட்டியதை விற்கும் வரை கையில் பணம் நிற்கும்படி பார்த்துக்கொள்வது வேறு. பெர்த்தில் மகா அந்த இரண்டாவது பாடத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றார். சம்பாதித்ததை இழக்கும் அளவுக்கு அடி விழுந்தது.

பிள்ளைகள் இருக்கும் வீடு. சொந்தபந்தம் கடல் கடந்து இருக்கிறது. 'ஒழுங்காக வேலைக்குப் போயிருக்கலாமே' என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல முடியாத நிலை. இப்படி ஒரு கட்டத்தில் பலர் தொழிலை மூட்டை கட்டிவிடுவார்கள். மகா ஊரைத்தான் மாற்றினார். 1980-களில் நாட்டின் மறுகோடிக்கு, பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நீண்டகாலக் கூட்டாளியாக அமைந்தவர் பாப் ஷார்ப்லெஸ்.

மகாவின் வாழ்க்கை வரலாற்றைக் கேரன் மெக்கிரீடி என்பவர் எழுதி 2012-ல் வெளியிட்டார். புத்தகத்தின் பெயர் 'ஸ்டாப் நாட் டில் த கோல் இஸ் ரீச்ட்'. விவேகானந்தரின் புகழ்பெற்ற அறைகூவலிலிருந்து எடுத்த தலைப்பு. 1897-ல் சென்னைக்கு வந்து, நம் மெரினா ஐஸ் ஹவுஸில் தங்கிய அதே விவேகானந்தர்தான். மகா தனக்கு உந்துதல் என்று அவரைத்தான் குறிப்பிடுவார்.

ஏக்கர் ஆயிரம் டாலர்... ஏன் யாரும் வாங்கவில்லை?

1990-களின் தொடக்கம். ஆஸ்திரேலியா பொருளாதார மந்தத்தில் இருந்த நேரம். அதற்குச் சற்று முன்புதான், 1989-90-ல், வீட்டுக்கடன் வட்டி 17 சதவிகிதத்தைத் தொட்டிருந்தது.

17 சதவிகிதம் என்றால் என்ன அர்த்தம்? 1 கோடி ரூபாய் கடன் வாங்கி 5 வருடம் எதுவும் கட்டாமல் விட்டால், கூட்டுவட்டியில் அது சுமார் 2 கோடியே 19 லட்சமாக நிற்கும். நிலத்தை வாங்கி வைத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கும் பில்டருக்கு ஒவ்வொரு மாதமும் கழுத்தில் கத்திதான்.

அந்த நேரத்தில்தான் இந்த 2,860 ஹெக்டேர் விற்பனைக்கு வந்தது. பிரிஸ்பேன் மையப் பகுதியிலிருந்து 30 கிலோமீட்டருக்குள். ஆனால், புதரும் யூகலிப்டஸ் மரங்களும் மேடு பள்ளங்களுமாகக் கிடந்தது. ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. நகரம் கட்டலாம் என்ற நில வகைப்பாடும் இல்லை.

மகாவும் பாப் ஷார்ப்லெஸும் அதை 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் குறைவான விலைக்கு வாங்கினார்கள். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஆயிரம் டாலரைச் சற்றே தாண்டும்.

'அட, அவ்வளவு மலிவா?' என்று தோன்றும். ஆனால், விலை மலிவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நிலத்துக்குக் கொடுக்கும் பணம் முதல் செலவுதான். சாலை, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மின்சாரம் என்று வந்த பிறகே காடு 'மனை' ஆகும். அதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நிலத்தின் விலை ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் அந்தச் செலவைப் பார்த்து ஒதுங்கினார்கள். இந்த இருவரும் அந்த வேலைகள் முடிந்த பிறகு நிலம் என்ன விலை போகும் என்று பார்த்தார்கள்.

வரைபடத்துக்கு ஒரு தனிச் சட்டம்

நம் ஊரில் லே-அவுட் போடுபவர்கள் என்ன செய்வார்கள்? நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கல் நட்டு, ஆர்ச் கட்டி, 'இன்னும் சில பிளாட்களே உள்ளன' என்று விளம்பரம் செய்வார்கள். விற்று முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். தெருவிளக்கும் பஸ்ஸும் வந்தால் உண்டு.

ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்தது வேறு. முதலில் முழு நகரத்துக்கும் ஒரே மாஸ்டர் பிளான். எங்கே வீடுகள், எங்கே கடைத்தெரு, எங்கே கல்லூரி, எங்கே ஆஸ்பத்திரி, எங்கே பூங்கா, வருங்காலத்தில் ரயில் எந்த வழியாக வரும் என்று ஆரம்பத்திலேயே இடம் ஒதுக்கினார்கள்.

இதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். உள்ளூர் கவுன்சிலில் தொடங்கிய நடைமுறை மாநில நாடாளுமன்றம் வரை போனது. 1997-ல் குயின்ஸ்லாந்து நாடாளுமன்றம் ஸ்பிரிங்ஃபீல்டின் நில வகைப்பாட்டுக்காகவே தனியாக ஒரு சட்டம் இயற்றியது. தனியார் வாங்கிய ஒரு நிலத்துக்குத் தனிச் சட்டம் என்பது சாதாரண விஷயம் இல்லை. பில்டர் என்பவர் செங்கல், சிமென்ட்டோடு மட்டும் வேலை செய்வதில்லை. ஃபைல், மீட்டிங், மனு என்று அரசோடு பொறுமையாகப் பேசுவதுதான் தொழிலில் பாதி.

நிலத்துக்குச் சொந்தக்காரரான 'ஸ்பிரிங்ஃபீல்டு லேண்ட் கார்ப்பரேஷன்' எல்லா வீட்டையும் தானே கட்டவில்லை. பெரிய பெரிய பகுதிகளாகப் பிரித்து அந்தந்த வேலையில் கை தேர்ந்த நிறுவனங்களோடு சேர்ந்தது. ஏரிகளைச் சுற்றிய 'ஸ்பிரிங்ஃபீல்டு லேக்ஸ்' குடியிருப்பை டெல்ஃபின் லெண்ட்லீஸ் நிறுவனம் உருவாக்கியது. 'ஓரியன்' என்ற பெரிய ஷாப்பிங் சென்டரை மிர்வாக் நிறுவனம் கட்டி 2007-ல் திறந்தது. புரூக்வாட்டர் பகுதிக்கான கோல்ஃப் மைதானத்தை கோல்ஃப் வீரர் கிரெக் நார்மன் வடிவமைத்தார்.

வீடு மட்டும் போதாது

மகாவின் திட்டத்துக்கு மூன்று தூண்கள்: கல்வி, சுகாதாரம், தகவல் தொழில்நுட்பம்.

இதன் தர்க்கம் எளிமையானது. வெறும் வீடுகள் மட்டும் இருந்தால் அது இரவில் தூங்க வரும் ஊர். காலையில் எல்லோரும் வேலைக்காக வேறு ஊருக்கு ஓடுவார்கள். பல்கலைக்கழகம் வந்தால் மாணவர்கள் வருவார்கள், பேராசிரியர்கள் வருவார்கள், அவர்களை நம்பிக் கடைகள் வரும். ஆஸ்பத்திரி வந்தால் நர்ஸிலிருந்து பார்மசி வரை வேலை வரும். அந்த வேலைகள் வந்தால், வீட்டின் மதிப்பு தானாக ஏறும்.

இதை உலகத்தில் முதலில் யோசித்தவர் மகா அல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், 'இர்வைன்' நகரம் 1960-களில் இதே பாணியில் எழுந்தது. பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரரான நிறுவனம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 1,000 ஏக்கரை வெறும் 1 டாலருக்குக் கொடுத்தது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டில் சதர்ன் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் வளாகம் 2006-ல் திறக்கப்பட்டது. 2010-ல், சர்வதேச ரியல் எஸ்டேட் கூட்டமைப்பான 'ஃபியாப்சி' உலகின் சிறந்த திட்டமிட்ட குடியிருப்பு நகரம் என்று ஸ்பிரிங்ஃபீல்டுக்கு விருது கொடுத்தது. 2013 டிசம்பரில் ரயில் வந்தது. 2015-ல் மேட்டர் தனியார் மருத்துவமனை. 2022-ல் பிரிஸ்பேன் லயன்ஸ் அணியின் மைதானம் திறந்து, அதே ஆண்டு நவம்பரில் பெண்கள் ஆஸ்திரேலிய கால்பந்து லீக்கின் இறுதிப்போட்டியே அங்கே நடந்தது. இன்று நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே வசிக்கிறார்கள். முழுதாக வளரும்போது ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது திட்டம்.

தேதிகளைக் கவனித்தீர்களா? நிலம் வாங்கி 20 ஆண்டுகளுக்குப் பிறகுதான் ரயில். முதல் மனை வாங்கிக் குடியேறிய இளம் தம்பதியின் கைக்குழந்தை, ரயில் வரும்போது காலேஜுக்குப் போகும் வயதில் இருந்திருக்கும். அதுவரை சமாளித்தது அந்தக் குடும்பங்கள்தான். பில்டரின் பொறுமையைப் பாராட்டும்போது, நம்பி வந்து குடியேறியவர்களின் பொறுமையையும் சேர்த்துத்தான் பாராட்ட வேண்டும்.

ரயிலை மகா கட்டவில்லை, அரசு கட்டியது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நிலமும் ஆள் இல்லாத வெற்று நிலமாக இருந்ததில்லை. இப்ஸ்விச் பகுதியின் பூர்வகுடிகளான ஜாகெரா, யுகெரா, உகாரபுல் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த மண் அது. காடு வீடானதில் மரங்களும் உயிரினங்களும் இழந்தது உண்டு. 'தனி ஒருவர் உருவாக்கிய நகரம்' என்று தலைப்பு எழுதுவது சுலபம். உண்மையில் எந்த ஊரையும் தனி ஒருவர் உருவாக்க முடியாது.

எல்லாக் கனவும் ஊராவதில்லை

இந்தியாவிலும் தனியார் நகரக் கனவுகள் உண்டு. புனே அருகே மலைகளுக்கு நடுவே தொடங்கிய லவாசா அதில் பிரபலம். ஏரிக்கரை, ஐரோப்பிய பாணிக் கட்டடங்கள் என்று ஆரம்பத்தில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கல், கடன் என்று தடுமாறி 2018-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

சென்னைக்கும் திட்டமிட்ட ஊர் புதிதல்ல. 1920-களில் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த பகுதியில் வீட்டு வசதி வாரியம் வளர்த்த ஊர் அண்ணா நகர். வட சென்னையில் சி.எம்.டி.ஏ. திட்டமிட்டது மணலி புதுநகர்.

ஆனால், ராயபுரம் அப்படிப் பிறந்த ஊர் இல்லை. இங்கே வேலைதான் முதலில் வந்தது. துறைமுகம், மீன்பிடித் தொழில், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். பிறகு திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. வேலைக்கு வந்தவர்கள் கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள், ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தார்கள், மெல்ல வீடு கட்டினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் வீடு கட்டிவிட்டு வேலையைத் தேடினார்கள். இங்கே வேலை இருந்தது, வீட்டுக்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் திருவொற்றியூர் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, வட சென்னையில் வீடு வாங்குவது பற்றி மற்ற பகுதிக்காரர்களும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆக, பழைய வீடுகளை இடித்துக் கட்டும் வேகம் இனியும் கூடும்.

ஒரு கிரவுண்டில் தொடங்கும் இன்ஜினீயர்

வட சென்னையில் வீட்டுக்கு ஒரு பாலிடெக்னிக் பையனோ, சிவில் படித்த பெண்ணோ இருக்கிறார்கள். சிலர் துபாய், சிங்கப்பூர் என்று போய் சைட் இன்ஜினீயராக இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு, மனதில் 'நாமே ஒரு ப்ராஜெக்ட் செய்தால் என்ன?' என்ற ஆசை.

அவர்களுக்கான வாசல், ஜாயின்ட் வென்ச்சர். நிலம் ஒருவருடையது, கட்டும் செலவு பில்டருடையது. முடிந்ததும் வீடுகளைப் பேசியபடி பிரித்துக்கொள்வார்கள். நிலத்துக்கு முதல் போட வேண்டாம் என்பதால் கேட்க சுலபமாக இருக்கும். ஆனால், ராயபுரம் மாதிரி பழைய ஊரில் பாட்டி பெயரில் உள்ள ஒரு வீட்டுக்கு ஐந்து வாரிசுகள் இருப்பார்கள். அதில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் வேலை நிற்கும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கையில் வந்த பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

அடுத்தது வட்டி. மேலே சொன்ன கூட்டுவட்டிக் கணக்கு, 1 லட்சம் கிரவுண்டுக்கும் ஒரு கிரவுண்டுக்கும் ஒன்றுதான். இரண்டு வீடு விற்காமல் ஒரு வருடம் நின்றால் லாபம் முழுவதும் வட்டிக்குப் போய்விடும். பெர்த்தில் மகாவுக்கு விழுந்த அடியும் இந்தத் தொழிலில்தான்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்

வீடு வாங்கும் குடும்பங்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது 'ரெரா', வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்பு தருகிறது. பதிவு செய்த ப்ராஜெக்டில், வாடிக்கையாளர்கள் கட்டும் பணத்தில் 70 சதவிகிதத்தை பில்டர் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்த ப்ராஜெக்டுக்கே செலவு செய்ய வேண்டும். வீட்டை ஒப்படைத்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

ஆனால், 500 சதுர மீட்டருக்குள் உள்ள இடத்தில் 8 வீடுகளுக்குள் கட்டினால் ரெராவில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டே கால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் ராயபுரம், தண்டையார்பேட்டை சந்துகளில் ஒரு கிரவுண்டில் எழும் அப்பார்ட்மென்ட்களில் பல இந்த வளையத்துக்குள் வராது!

அதனால் அங்கே வாங்குபவர் தானே விழிப்பாக இருக்க வேண்டும். அனுமதி வாங்கிய பிளானில் எத்தனை வீடு, நேரில் கட்டுவது எத்தனை வீடு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பெயருக்கு எழுதித் தரும் யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். எல்லா வீட்டுப் பங்கையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டக் கூடாது. வேலை நடக்க நடக்கப் பணம் கொடுப்பது, மொத்தமாக முன்பே கொடுப்பதைவிடப் பாதுகாப்பு. பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்ட ஆகும் செலவு, பின்னால் வரும் தலைவலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

மகா போன காலத்தைவிட இன்று இன்ஜினீயர்களுக்கு வழி தெளிவாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பிக்கும் இன்ஜினீயர்களின் தகுதியை 'இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா' அமைப்பு மதிப்பிடுகிறது. பல நாடுகளின் இன்ஜினீயரிங் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் 'வாஷிங்டன் ஒப்பந்த'த்தில் இந்தியா 2014-ல் நிரந்தர உறுப்பினர் ஆனது. ஆனால், நம் நாட்டின் எல்லாக் கல்லூரிப் பட்டமும் அதில் தானாக அடங்கிவிடாது. என்.பி.ஏ. அமைப்பின் 'டயர்-1' அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும். ப்ளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்குப் போகும் பிள்ளைகள், கல்லூரியின் கட்டடத்தைப் பார்ப்பதோடு இதையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊரைப் பார்த்துக் கட்டுவது

எண்பது வயதைத் தாண்டிய பிறகும் மகா சின்னத்தம்பியின் பெயர் ஸ்பிரிங்ஃபீல்டோடு சேர்த்தே பேசப்படுகிறது. நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பு அடுத்த தலைமுறைக்கு, மகளின் கைக்கு வந்துவிட்டது.

அவர் அளவுக்கு நிலம் வாங்க நம்மில் யாராலும் முடியாது. சென்னையில் அப்படி ஒரு காலி இடமும் இல்லை. ஆனால், அவர் கேட்ட கேள்வியை ஒரு கிரவுண்டிலும் கேட்கலாம். இங்கே குடிவரப்போகிறவர்கள் எதில் வேலைக்குப் போவார்கள்? பிள்ளை எந்த ஸ்கூலுக்கு நடந்து போகும்? மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? வயதான அம்மா நான்காவது மாடிக்கு எப்படி ஏறுவார்?

மனையின் எல்லைக்கல்லோடு யோசனையை நிறுத்திக்கொண்டால் ஒரு கட்டடம் கட்டலாம். அதைத் தாண்டித் தெருவையும் பார்த்தால்தான் ஊர் உருப்படும். கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் இன்று பழைய வீட்டை இடிக்க அளவு எடுத்துக்கொண்டிருக்கும் இளம் இன்ஜினீயர், டேப்பைச் சுருட்டுவதற்கு முன் தெருமுனை வரை ஒருமுறை நடந்துவிட்டு வரலாம்.